ஹால்ட் பஸ் ஊருக்கு வரும் நேரம்

செப்டம்பர் 9, 2025, செவ்வாய் – மேட்டுப்பாளையம், குன்னூர்

மேட்டுப்பாளையத்தில் காலை எட்டரைக்கே வெயில் முதுகைச் சுட்டது. தங்கை மகள் நீலகிரியில் குந்தாப் பக்கம் ஒரு ஹட்டியில் – படுகர் மக்களின் ஊரை அப்படித்தான் சொல்வார்கள் – அரசுப் பள்ளி ஆசிரியை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து "ஒரு தடவை வந்துட்டுப் போங்க பெரியம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். காரில் போனால் மலையைப் பார்த்துவிட்டு வரலாம்; மலையில் இருக்கிறவர்கள் தினமும் எப்படிப் போய் வருகிறார்கள் என்பது தெரியாது. அதனால் அரசு பஸ், ரயில், இரண்டைத் தவிர வேறெதிலும் ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

நின்றிருந்த ஊட்டி பஸ் புதியது. தானாகத் திறந்து மூடும் கதவு, நெற்றியில் மின் எழுத்துப் பலகை. காலியாக இருந்த கடைசி வரிசையைப் பார்த்து நடந்தேன். நடத்துனர் தடுத்தார். "பின்னாடி வேண்டாம்மா, கொண்டை ஊசியில தூக்கித் தூக்கிப் போடும். நடுவுல உக்காருங்க." பையை வாங்கி மேலே வைத்ததும் அவர்தான்.

கல்லாறு சோதனைச் சாவடியில் கார்கள் நீளமாக நின்றன. ஒவ்வொரு காரிலும் செல்போனை நீட்டி இ-பாஸ் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ் ஓரமாக ஒதுங்கி நேரே மேலே ஏறியது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இந்த இ-பாஸ் வேண்டும். இந்த ஆண்டு கோடையில் நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது எதுவும் தேவையில்லை. மலைக்கு வரும் கார் குறையவேண்டும் என்றால் முதலில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவேண்டும். இன்று எனக்குக் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை என்பதும் ஒரு காரணமாக இருக்கும்.

பர்லியாறில் டீக்காக நிறுத்தினார்கள். டீ 15 ரூபாய், மசால் வடை 10. குடித்து முடிப்பதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து ஏற ஏறக் காதடைத்தது. குன்னூர் நெருங்கும்போது பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் மரங்களுக்கு மேலே புகை தெரிந்தது. காலை 7.10-க்குக் கிளம்பிய மலை ரயில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பஸ்ஸில் இருந்த எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள், தினமும் போய் வருகிறவர்கள் உட்பட.

குன்னூரில் அறை எடுத்தேன். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதானாம். மாலை முழுக்க மழை. மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரியில் அப்போதுதான் விறகு அடுப்பிலிருந்து எடுத்த வர்க்கி பிஸ்கட் கால் கிலோ 70 ரூபாய்க்கு வாங்கினேன். தொட்டாலே இதழ் இதழாகப் பிரிந்தது. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். டீயில் ஒரு நொடி நனைத்து எடுக்கவேண்டும், இரண்டு நொடி ஆனால் கரைந்துவிடும்.

செப்டம்பர் 10, புதன் – குன்னூர், ஊட்டி

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயில். முன்பதிவு இல்லாத பெட்டிக்கு வரிசையில் நின்றால் சீட்டு கிடைத்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், அங்கிருந்து ஊட்டிக்கு 1908-லும் ரயில் வந்தது. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 2005-ல். குன்னூருக்கு மேலே பல் தண்டவாளமும் இல்லை, நீராவியும் இல்லை. டீசல் இன்ஜின்தான் இழுக்கிறது.

சுற்றுலா வந்தவர்களுக்கு நடுவே ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அருவங்காட்டில் ஏறிய பெரியவர், பென்ஷன் வேலையாக ஊட்டிக்குப் போகிறார். எதிரில் ஹைதராபாத் குடும்பம் ஒன்று. அவர்களுடைய சின்னப் பையன் ஜன்னலோரத்துக்காக அழுதான். பெரியவர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்துவிட்டுக் கேத்தி வரை நின்றுகொண்டே வந்தார். "நான் பாக்காததா" என்றார். கேத்தியில் மேகம் விலகியதும் பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகக் காய்கறித் தோட்டம், கேரட்டும் உருளையும். அங்கே அறுவடைக்குப் போகும் பெண்கள் விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கே கிளம்புகிறார்களாம், லாரி புறப்படுவதற்குள் கேரட்டைக் கழுவி மூட்டை கட்டவேண்டும் என்பதால். அந்த நேரத்துக்கு எந்த பஸ் இருக்கிறது? பிக்கப் வேனில் பின்னால் நின்றுகொண்டு போகிறார்கள் என்று பெரியவர் சொன்னார்.

ஊட்டி பஸ் நிலையத்தில் மதியம் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கூடலூரிலிருந்து வந்த தாயும் மகனும். கையில் எக்ஸ்ரே உறை. அரசு மருத்துவக் கல்லூரியின் புதிய மருத்துவமனை, 700 படுக்கையோடு, இந்த ஏப்ரலில்தான் திறந்தது. முன்பெல்லாம் பெரிய சிகிச்சை என்றால் கோயம்புத்தூர்தான். "இப்ப இங்கயே பாத்துடறாங்க. ஆனா ஓ.பி. முடிய ஒரு மணி ஆயிருது, கூடலூர் பஸ்ஸுக்கு அடிபிடி" என்றார் அந்த அம்மா. ஐம்பது கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகவேண்டும், உடம்பு முடியாதவரை வைத்துக்கொண்டு. அவர்களுக்கு உட்கார இடம் கிடைத்ததைப் பார்த்த பிறகுதான் நான் எழுந்து போனேன்.

கேன்டீனில் சாப்பாடு 90 ரூபாய். தட்டில் பீன்ஸ் பொரியல் இரண்டு முறை வைத்தார்கள், கேட்காமலே. எதிரில் சாப்பிட்ட நடத்துனரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஏப்ரல், மே சீசனில் சுற்றுப் பஸ் விடுவார்கள், 100 ரூபாய்ச் சீட்டு ஒன்று வாங்கினால் படகு இல்லம், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா என்று நாள் முழுக்க ஏறி இறங்கலாம் என்றார். வெளியூர்க்காரர்களுக்கு இவ்வளவு வசதியாக யோசிக்க முடிகிறதே என்று சந்தோஷமாக இருந்தது. ஊர்க்காரர்களுக்கும் இதே மாதிரி யோசித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மறுநாள் தோன்றியது.

செப்டம்பர் 11, வியாழன் – ஊட்டி, மஞ்சூர், ஹட்டி

மஞ்சூர் பஸ்ஸில் ஏறியதும் நடத்துனர் கேட்காமலே பூஜ்யம் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சமவெளியில் 2021 மே மாதமே வந்துவிட்டது. அது டவுன் பஸ்ஸுக்கான திட்டம். மலையில் டவுன் பஸ் என்ற பிரிவே இல்லை. அதனால் இங்கிருக்கிற பெண்கள் காசு கொடுத்தேதான் போனார்கள். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கும் சேர்த்து அறிவித்தார்கள். விடியல் பயணம் என்ற இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழு கணக்குச் சொன்னது. பக்கத்து இருக்கையில் வெள்ளை முண்டும் தலையில் வெள்ளைத் துணியுமாக இருந்த படுகப் பாட்டியிடம் அந்தத் தொகையைச் சொன்னேன். "அதெல்லாம் தெரியாது. மாசத்துக்கு ஒருதரம் மக வீட்டுக்குப் போவேன், இப்ப வாரா வாரம் போறேன்" என்றார்.

பெங்கால்மட்டம் பக்கம் வந்ததும் மூட்டம் சாலையை மூடிவிட்டது. எதிரே வந்த பஸ்ஸில் வேறெதுவும் தெரியவில்லை, நெற்றியில் ஊர்ப்பெயர் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் மிதந்து வந்தது. பழைய தகரப் பலகையாக இருந்தால் பக்கத்தில் வரும்வரை எந்த ஊர் பஸ் என்றே படித்திருக்க முடியாது. இருட்டில், மூட்டத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு அந்த ஆரஞ்சு எழுத்து எவ்வளவு பெரிய உபகாரம்.

சீட்டுக் கருவியில் செல்போன் மூலமும் பணம் கட்டலாம். ஆனால் கைகாட்டி தாண்டியதும் சிக்னல் இல்லை. கல்லூரிப் பையன் ஒருவன் செல்லை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தான், பணம் போகவே இல்லை. நடத்துனர் தன் பையிலிருந்து காசு போட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு, "இறங்கற இடத்துல டவர் வந்தா அனுப்பு தம்பி, வரலைன்னா நாளைக்குக் குடு" என்றார். நாளைக்கும் அதே பஸ், அதே பையன், அதே நடத்துனர்தான்.

மஞ்சூரில் இறங்கி, சின்ன பஸ்ஸில் மாறி, நாலே கால் மணிக்கு ஹட்டி போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்கு நடுவே தங்கை மகள் நின்றிருந்தாள். ஒரே நிரையாகச் சேர்ந்து நிற்கும் வீடுகள், முன்னால் சுத்தமான களம், கீழே தேயிலை. வீட்டுக்கார அம்மா ராகிக் களியும் அவரைக் குழம்பும் வைத்தார். களியைப் பிட்டுக் குழிசெய்து குழம்பை அள்ளவேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். நெஞ்சு வரை சூடு இறங்கியது.

எட்டே கால் மணிக்குச் சாலை முனையில் ஹாரன் கேட்டது. ஹால்ட் பஸ். ராத்திரி ஊரிலேயே நிற்கும், காலை ஆறுக்கு அதுதான் முதல் வண்டி. ஓட்டுநரும் நடத்துனரும் படுக்க ஊரார் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாள் முறை. அன்று எங்கள் வீட்டு முறை. இருவரும் கையைக் கழுவிவிட்டு உரிமையாக வந்து உட்கார்ந்தார்கள். அந்த பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களும் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்துவிட்டார்கள். பேச்சு அப்போது ஆரம்பித்ததுதான், பத்து மணி வரை ஓயவில்லை.

விஷயம் இது. மாலை நாலே காலுக்கு நான் வந்த பஸ். அடுத்தது எட்டே கால். நடுவில் ஒன்றும் கிடையாது. மஞ்சூரில் ஜவுளிக்கடை, மெடிக்கல், தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் என்று வேலை பார்க்கும் பெண்களுக்கு ஆறு மணிக்கு வேலை முடிகிறது. ஊட்டிக் கல்லூரியிலிருந்து வரும் பெண்களும் ஆறேகாலுக்கு மஞ்சூர் வந்துவிடுகிறார்கள். ஏழே கால் வரை, அந்தக் குளிரில், கடை வாசலில் நிற்கவேண்டும். நடந்து வரலாம் என்றால் வழியில் கரடியும் காட்டெருமையும். ஜீப்பில் ஆளுக்கு 50 ரூபாய். தையற்கடையில் வேலை பார்த்த ஒரு பெண், வீட்டில் "இருட்டுன பிறகு வராதே" என்று சொன்னதால் நின்றேவிட்டாள். "ஃப்ரீ டிக்கெட் நல்லதுதான் டீச்சர். ஆனா ஆறரைக்கு ஒரு பஸ் இருந்தா நான் காசு குடுத்தே போய்க்குவேன்" என்று அவள் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி – ஹட்டி, மஞ்சூர்

காலை ஆறு மணி பஸ்ஸில் மஞ்சூர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறினேன். ராத்திரி காற்று பலமாக அடித்திருந்தது. மூன்றாவது வளைவில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஒன்று சாலைக்குக் குறுக்கே. ஓட்டுநர் விளக்கை அணைக்காமல் நிறுத்திவிட்டு இறங்கினார். யாரும் பதறவில்லை. இரண்டு பேர் இருக்கைக்கு அடியிலிருந்து அரிவாள் எடுத்தார்கள், இன்னொருவர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் ரம்பம் கொண்டுவந்தார். பெண்கள் வெட்டிய கிளைகளை இழுத்துப் போட்டார்கள், நானும் இழுத்தேன். மழையில் நனைந்த கற்பூர இலை வாசம் கையை விட்டுப் போகவே இல்லை. நடுத்தண்டு மட்டும் அசையவில்லை. தீயணைப்பு வீரர்கள் மோட்டார் ரம்பத்தோடு வந்து அறுத்துப் போடும்போது மணி எட்டு. என் செருப்பு வார் அறுந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்குள்ளேயே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மஞ்சூரில் செருப்புத் தைக்க 30 ரூபாய், கூடவே இஞ்சி டீ. தைத்தவர் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், "மரம் இழுத்தவங்ககிட்ட வாங்கறதா" என்று.

மரம் அறுபடும் வரை நடத்துனரோடு பேச நேரம் கிடைத்தது. ஆறரைக்கு ஏன் பஸ் இல்லை என்று கேட்டேன். அவர் தன் நோட்டைத் திறந்து நேரங்களைக் காட்டினார். ஹால்ட் பஸ் மாலை 6.10-க்கே மஞ்சூருக்கு வந்துவிடுகிறது. ஏழே கால் வரை அங்கேயே நிற்கிறது. கோவையிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொள்ள என்று எந்தக் காலத்திலோ வகுத்த நேரம். அப்போது மஞ்சூரில் வேலைக்குப் போன பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? புது வண்டி வேண்டாம், புது ஆள் வேண்டாம், ஒரு லிட்டர் டீசல் கூடத் தேவையில்லை. நிற்கிற பஸ்ஸைக் கொஞ்சம் முன்னால் எடுத்தால் போதும். "நாங்களா எடுக்க முடியாதுங்கம்மா. டைமிங் மாத்தி ஆர்டர் வரணும். ஊர்ல இருந்து எழுதிக் குடுங்க, நாங்களும் டிப்போவுல சொல்றோம்" என்றார்.

ராத்திரி களத்தில் கூட்டம் கூடியது. தங்கை மகள் மனு எழுத உட்கார்ந்தாள். நினைத்த அளவுக்குச் சுலபமாக முடியவில்லை. கோவைக்குச் சிகிச்சைக்குப் போய் வரும் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஆறரைக்கு எடுத்துட்டா என்னை மாதிரி ஆளு மஞ்சூர்லயே படுத்துக்கறதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோவை பஸ் எத்தனை மணிக்கு மஞ்சூர் வருகிறது என்று நடத்துனரைக் கேட்டார்கள். அட்டவணைப்படி 6.40, மழை நாளில் ஏழு. பேசிப் பேசிக் கடைசியில் 6.45 என்று முடிவானது. கோவை பஸ் தாமதமானால் ஏழு வரை காத்திருக்கவேண்டும் என்று ஒரு வரி. மஞ்சூர் நிறுத்தத்திலும் ஹட்டியிலும் நேரப் பலகை வைக்கவேண்டும் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். எனக்கு வழி சொன்ன ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் சொன்னார்கள், எங்குமே எழுதி வைத்திருக்கவில்லை. வேலையை விட்ட அந்தத் தையல் பெண்தான் முதல் கையெழுத்துப் போட்டாள். பெரியவர் இரண்டாவது.

செப்டம்பர் 13, சனி – மஞ்சூர், கெத்தை, காரமடை

திரும்பும்போது கெத்தை வழி. 43 கொண்டை ஊசி வளைவுகள், பாதி தூரத்துக்கு ஊரே கிடையாது. குந்தா நீர்மின் திட்டத்தின் குழாய்கள் மலைச் சரிவில் நேராக இறங்குகின்றன. கனடா உதவியோடு 1950-களில் தொடங்கிய திட்டம். 2021 செப்டம்பரில் இந்தச் சாலையில்தான் யானை ஒன்று அரசு பஸ்ஸின் முன் கண்ணாடியை உடைத்தது. ஓட்டுநர் பதறாமல் பயணிகளைப் பின்னுக்கு அனுப்பிவிட்டுத் தானும் நகர்ந்து, யானை விலகும் வரை உட்கார்ந்திருந்தார். இன்று யானை இல்லை, ஈரம் காயாத சாணம் மட்டும் இருந்தது. எங்கள் ஓட்டுநர் அதைப் பார்த்ததும் ஹாரன் அடிக்காமல், வளைவுக்கு வளைவு நின்று எட்டிப் பார்த்துத்தான் இறக்கினார். முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. பின் இருக்கையில் ஒருவர் முனகினார். மற்றவர்கள் அவரை அடக்கிவிட்டார்கள்.

வெள்ளியங்காடு வந்ததும் புழுக்கம். காரமடையில் தயிர் சாதம் 50 ரூபாய். ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு ஈரோடு பஸ் ஏறினேன்.

செப்டம்பர் 15, திங்கள் – வீடு

மதியம் தங்கை மகள் போன் செய்தாள். ஊரிலிருந்து பெண்கள் காலை ஆறு மணி பஸ்ஸிலேயே கிளம்பி, ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் ஆட்சியரின் குறைதீர் நாள் கூட்டத்தில் மனுவைக் கொடுத்துவிட்டார்கள். ரசீது எண் வாங்கியாகிவிட்டது. ஒரு வாரம் மாலை நேரத்தில் மஞ்சூரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம் அதிகாரிகள். "நாங்களும் தனியா எண்ணி எழுதி வைக்கப்போறோம் பெரியம்மா, நோட்டு வாங்கிட்டேன்" என்றாள். தையல் பெண் கடை முதலாளியிடம் பேசியிருக்கிறாள்; நேரம் மாறினால் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். பதில் வந்ததும் இதற்குக் கீழேயே எழுதுகிறேன். வேறு ஹட்டிகளில் இப்படி நேரம் மாற்றி வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், மனுவில் எதைச் சேர்த்தீர்கள் என்று சொல்லுங்கள், அவளுக்கு அனுப்பிவைக்கிறேன்.